3,600 வெள்ளியும் பத்தாவது சர்வீசும்

வாசகர் கடிதம்:

ஐயா, நான் பட்டர்வொர்த்தில் இருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குத் தினமும் பினாங்குப் பாலம் கடந்து ஷிப்ட் வேலைக்குப் போகிறேன். போய்வர 50 கிலோமீட்டர், மாதம் 22 நாள். வார இறுதியில் தைப்பிங்கில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போவோம். பழைய கார் அடிக்கடி நின்றுபோவதால் புதிதாக ஓர் உள்நாட்டுச் சிறிய காருக்குப் பதிவு செய்திருக்கிறோம். கடன் 9 ஆண்டு. விற்பனையாளர் 5 ஆண்டுக்கு அல்லது 100,000 கிலோமீட்டருக்கு 10 சர்வீஸ் அடங்கிய திட்டம் ஒன்றைச் சொல்கிறார். விலை 3,600 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). கடனோடு சேர்த்துவிட்டால் மாதம் 42 வெள்ளிதான் கூடும், விலைவாசி ஏறினாலும் உங்களுக்கு ஏறாது, வெளிப் பட்டறையில் செய்தால் உத்தரவாதம் போய்விடும் என்கிறார். ஐந்து ஆண்டுக்கு வண்டிக்குச் செலவே இருக்காது என்று கணவர் எடுக்கச் சொல்கிறார். பிறையில் தெரிந்த பட்டறை இருக்கிறது, இது வீண் என்று தம்பி சொல்கிறான். சனிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். கண்ணாடிக்கு ஒட்டும் கருப்புத் தாள், தரை விரிப்பு எல்லாம் இலவசமாகத் தருவதாகவும் சொல்கிறார்கள். பழைய காரின் ரசீதுகளை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். புதிய காரின் சர்வீஸ் விலைப் பட்டியலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விலைப் பட்டியலைக் கேட்டு வாங்கி அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. பிறையில் ஓர் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தின் முன்மேசையில் நான் 24 ஆண்டுகள் இருந்தேன். இப்படிப்பட்ட திட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் ஏராளம். தனித்தனியாகக் கட்டினால் எவ்வளவு ஆகும் என்று முன்பே கேட்டவர்கள் மிகச் சிலர். அந்தப் பட்டியல் இல்லாமல் உங்கள் கேள்விக்கு யாராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது.

உங்கள் பட்டியலின்படி 10,000, 30,000, 50,000, 70,000, 90,000 கிலோமீட்டர் சர்வீஸ்கள் தலா 260 வெள்ளி. 20,000, 60,000, 100,000 ஆகியவை தலா 380. கியர் ஆயில், பிரேக் ஆயில் எல்லாம் மாற்றும் 40,000, 80,000 இரண்டும் தலா 720. கூட்டினால் 3,880 வெள்ளி. திட்டத்தின் விலை 3,600 என்பதால் 280 வெள்ளி மிச்சம் என்று விற்பனையாளர் காட்டியிருப்பார். ஆனால் அதே தாளின் அடியில், புதிய காருக்கு முதல் மூன்று சர்வீசுக்குக் கூலி இலவசம் என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. கூலி ஒவ்வொன்றுக்கும் 70 வெள்ளி. திட்டம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்த 210 வெள்ளி உங்களுக்குச் சேர வேண்டியது. அதைக் கழித்தால் நீங்கள் அவ்வப்போது கட்டப் போவது 3,670 வெள்ளி. ஆக, ஐந்து ஆண்டுக்கான மிச்சம் 70 வெள்ளி.

இந்த 70 வெள்ளியும் பத்து சர்வீசையும் ஒன்றுவிடாமல் செய்தால்தான் கிடைக்கும். இங்கேதான் உங்களைச் சற்று நிறுத்திப் பேச விரும்புகிறேன்.

கையேட்டில் 6 மாதம் அல்லது 10,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அப்போது சர்வீஸ் என்று இருக்கும். நீங்கள் வேலைக்கு மட்டும் ஆண்டுக்கு 13,200 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். தைப்பிங் பயணத்தையும் மற்றதையும் சேர்த்து 18,000 என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்திற்கு 9,000. எனவே உங்களுக்கு எப்போதும் மாதக் கணக்குதான் முந்திக்கொள்ளும். முதல் சர்வீஸ் 6ஆவது மாதம், இரண்டாவது 12ஆவது மாதம் என்று எண்ணிக்கொண்டே போனால் பத்தாவது சர்வீஸ் 60ஆவது மாதத்தில் வந்து விழும். திட்டம் முடிவதும் அதே 60ஆவது மாதம்தான். அதுவும் காரை நீங்கள் எடுத்த நாளில் இருந்து எண்ணுவார்களா, சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவான நாளில் இருந்து எண்ணுவார்களா என்பதைப் பொறுத்துச் சில நாள் முன்னே பின்னே போகும்.

ஷிப்ட் வேலை செய்கிறவர் நீங்கள். ஒருமுறை ஓவர்டைம், ஒருமுறை பிள்ளைக்குக் காய்ச்சல், ஒருமுறை தீபாவளிக்கு முன்பு மையத்தில் இடம் கிடைக்காதது என்று ஒவ்வொரு சர்வீசும் இரண்டு வாரம் தள்ளிப்போனால் போதும். பத்தாவதுக்கு வரும்போது ஐந்து மாதம் தள்ளியிருக்கும். திட்டம் அதற்குள் காலாவதியாகியிருக்கும். கணினியில் ஒரு சர்வீஸ் பாக்கி என்று தெரியும், ஆனால் அதைச் செய்துகொடுக்கும் அதிகாரம் எனக்கு இருக்காது. "பணம் கட்டியாகிவிட்டதே தம்பி" என்று கேட்ட பெரியவர்களிடம் தேதி முடிந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி நான் பட்ட வேதனை கொஞ்சமல்ல. உங்கள் பட்டியலில் பத்தாவது சர்வீசின் விலை 380 வெள்ளி. அது கைநழுவினால், 3,290 வெள்ளி வேலைக்கு 3,600 வெள்ளி கொடுத்தவர் ஆகிவிடுவீர்கள்.

அடுத்தது மாதம் 42 வெள்ளி. இதைச் சொன்ன விதம் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. ஒன்பது ஆண்டு என்பது 108 மாதம். 108 மாதம் 42 வெள்ளி கட்டினால் 4,536 வெள்ளி. 3,600 வெள்ளித் திட்டத்திற்கு 936 வெள்ளி வட்டி. திட்டம் ஐந்தாம் ஆண்டோடு முடிந்துவிடும், கடன் முடியாது. மிச்சமிருக்கும் 48 மாதத்திற்கு, என்றைக்கோ மாற்றி ஊற்றிய என்ஜின் ஆயிலுக்காக 2,016 வெள்ளி கட்டிக்கொண்டிருப்பீர்கள். அதே சமயம் ஆறாம் ஆண்டு சர்வீசுக்குக் கையில் இருந்து வேறு கொடுப்பீர்கள். வேறு எதை நீங்கள் ஏற்காவிட்டாலும் பரவாயில்லை, இந்தத் திட்டத்தைக் கடனோடு மட்டும் சேர்க்காதீர்கள். திட்டம் வேண்டுமென்றால் ரொக்கமாகக் கட்டுங்கள். ரொக்கமாகக் கட்ட முடியாத நிலை என்றால், இப்போது அது வேண்டாம்.

உத்தரவாதம் பற்றி விற்பனையாளர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. உள்நாட்டுக் கார்களுக்குப் பெரும்பாலும் 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறார்கள். குறித்த காலத்தில், அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆகவே உங்கள் தம்பி சொல்லும் பிறைப் பட்டறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், முதல் ஐந்து ஆண்டு அங்கே போக வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். 200 வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய், சில ஆயிரம் வெள்ளி பிடிக்கும் கியர்பாக்ஸ் பழுதுக்கு உத்தரவாதம் இல்லாமல் நிற்கக் கூடாது. ஆனால் மையத்தில் செய்வது வேறு, மையத்திற்கு முன்கூட்டியே பணம் கட்டுவது வேறு. ஒவ்வொரு முறையும் போய், அன்றைய பணத்தைக் கட்டி, ரசீதை வாங்கிக்கொண்டு வந்தாலும் உத்தரவாதம் அப்படியே இருக்கும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் பல திட்டங்கள் விற்பனையாகின்றன. உங்கள் தம்பி சொல்லும் பட்டறைக்கு ஆறாம் ஆண்டில் இருந்து தாராளமாக வேலை கொடுங்கள்.

விலைவாசி ஏறும் என்பது நியாயமான பேச்சு. 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 6 விழுக்காட்டில் இருந்து 8 விழுக்காடு ஆனது. ஆயில் விலையும் ஏறத்தான் செய்கிறது. ஐந்து ஆண்டில் சராசரியாகப் பத்து விழுக்காடு கூடும் என்று வைத்தால் உங்களுக்கு 370 வெள்ளி போலக் கூடுதல் செலவாகும். ஆனால் முன்கூட்டியே கட்டும் 3,600 வெள்ளி உங்கள் கையில் இருந்தால் சும்மா இருக்காது. அதை வங்கியில் 3 விழுக்காட்டு வைப்பில் போட்டு, சர்வீஸ் வரும்போது எடுத்துக் கொடுத்துக்கொண்டே போனால், ஐந்து ஆண்டில் சுமார் 270 வெள்ளி வட்டி சேரும். விலையேற்றத்தின் பெரும்பகுதியை அது ஈடுகட்டிவிடும். திட்டத்தில் வரி ஏற்றமும் அடங்குமா, இல்லை வித்தியாசத்தைப் பிறகு கேட்பார்களா என்பதையும் ஒப்பந்தத்தில் படித்துப் பாருங்கள்.

உங்கள் கணவரிடம் ஒரு விஷயத்தை நீங்கள் அன்பாக எடுத்துச் சொல்ல வேண்டும். ஐந்து ஆண்டுக்கு வண்டிக்குச் செலவே இருக்காது என்பது நடக்காது. இந்தத் திட்டங்களில் அடங்குவது பெரும்பாலும் என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், அட்டவணைப்படி ஏர் ஃபில்டர், கியர் ஆயில், பிரேக் ஆயில், கூலி ஆகியவைதான். தேய்கின்ற பொருள் எதுவும் அடங்காது. காலை ஏழு மணிக்குப் பாலத்தின் மேல் ஊர்ந்து ஊர்ந்து போகிறீர்களே, 13.5 கிலோமீட்டரும் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு, அந்த பிரேக் பேட் அடங்காது. நம் வெயிலில் இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் தாங்காத பேட்டரி அடங்காது. டயர், வைப்பர், சக்கர அலைன்மெண்ட் எதுவும் அடங்காது. 90,000 கிலோமீட்டரில் டயர் மட்டுமே குறைந்தது ஒருமுறை முழுதாக மாற்ற வேண்டியிருக்கும். திட்டத்தை எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள், டயர் தேய்ந்து மழையில் வழுக்கிய பிறகு, "எல்லாம் கட்டியாகிவிட்டது என்று நினைத்தேன்" என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். பணத்தைவிட எனக்கு அதுதான் பெரிய கவலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலவச சர்வீஸ் போல நினைத்து உள்ளே போகிறவரிடம், என்ஜினைக் கழுவும் திரவம், இன்ஜெக்டர் சுத்தம் செய்யும் திரவம், ஏசிக்கு மருந்து என்று மேலே மேலே சேர்க்கச் சொல்வது பல மையங்களில் வழக்கம். அன்றைய கட்டணம் சுழியம் என்பதால் 150 வெள்ளி பெரிதாகத் தெரியாது. திட்டம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இது கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" இருந்தால் செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

திட்டத்தை யார் தருகிறார்கள் என்பதையும் பாருங்கள். கார் உற்பத்தி நிறுவனமே தருவது ஒரு வகை. விற்பனை நிலையம் தன் பெயரில் தருவது இன்னொரு வகை. மூன்றாவதாக, இருவருக்கும் சம்பந்தமில்லாத வேறொரு நிறுவனம் தருவதும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்பு கூலிமில் இருந்து ஒருவர் என் மேசைக்கு வந்தார். அதே இடத்தில் எங்களுக்கு முன்பு இருந்த முகவர் தொழிலை விட்டுப் போயிருந்தார். வந்தவரின் கையில் அந்த முகவர் கொடுத்த ஆறு கூப்பன்கள் பயன்படுத்தாமல் இருந்தன. கட்டடம் அதே கட்டடம், பெயர்ப்பலகையில் அதே கார்ச் சின்னம், ஆனால் பணம் வாங்கிய நிறுவனம் இல்லை. என் முதலாளி ஏற்க மறுத்துவிட்டார். அவரைத் திருப்பி அனுப்பியவன் நான்தான். கூப்பன்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் போன முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. ஆகவே ரசீதில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, நாட்டில் உள்ள எல்லா அங்கீகரிக்கப்பட்ட மையங்களிலும் செல்லுமா, தைப்பிங்கில் செல்லுமா, இதை எழுத்தில் வாங்குங்கள். காரை விற்றால் வாங்குகிறவர் பெயருக்கு மாற்றலாமா, விபத்தில் கார் முழுச் சேதம் ஆனால் மீதிப் பணம் திரும்புமா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். காப்புறுதி நிறுவனம் காருக்குத்தான் இழப்பீடு தரும், பயன்படுத்தாத சர்வீசுக்குத் தராது.

ஒருவேளை நீங்கள் இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டிருந்தால் பதற்றப்பட வேண்டாம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, எதிர்காலத்தில் தொடர்ந்து தரப்படும் சேவைக்கான ஒப்பந்தங்களைப் பற்றியது. முழுப் பணமும் முன்கூட்டியே கட்டியிருந்தாலும் பயனீட்டாளர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். அப்போது நிறுவனம் பிடித்துக்கொள்ளக் கூடியது மொத்த விலையில் 5 விழுக்காடும், நீங்கள் ஏற்கெனவே பெற்ற சேவைக்கும் பொருளுக்கும் ஆன செலவும் மட்டுமே. உங்கள் கணக்கில் 5 விழுக்காடு என்பது 180 வெள்ளி. இரண்டு ஆண்டில் நான்கு சர்வீஸ் முடித்துவிட்டு நிறுத்துகிறீர்கள் என்றால், பட்டியல் விலைப்படியே கணக்குப் போட்டாலும் பயன்படுத்தியது 1,620 வெள்ளி. மீதி 1,800 வெள்ளி உங்களுக்குத் திரும்பி வர வேண்டும். "பணம் திருப்பித் தரப்படாது" என்று ரசீதில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ரத்து செய்வதை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் மனு போடலாம். 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அது விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை. நீங்கள் பினாங்கில் இருப்பதால் இன்னொரு துணையும் உண்டு. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே உங்கள் முறையீட்டைச் சொல்லலாம்.

இவ்வளவும் சொன்னதால் எல்லாருக்கும் இது வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, நான்கு ஆண்டுக்குள் பத்து சர்வீசையும் முடித்துவிடுகிற விற்பனைப் பிரதிநிதிக்கு இது பலன் தரும். ஒரு சர்வீசுக்கே ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும் ஐரோப்பியக் கார் வைத்திருப்பவருக்கும் கணக்கு வேறு. கையில் பணம் நிற்காது, சர்வீஸ் நாள் வரும்போது பணம் இல்லை என்று தள்ளிப்போட்டுவிடுவோம் என்று தன்னைத் தெரிந்தவருக்கும் முன்கூட்டியே கட்டிவிடுவது நல்லதுதான். சர்வீஸ் தவறிய என்ஜின் கேட்கும் பணத்தோடு பார்த்தால் 70 வெள்ளிக் கணக்கெல்லாம் ஒன்றுமே இல்லை. நீங்கள் அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை. பழைய காரின் ரசீதுகளை எல்லாம் எடுத்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

ஆகவே சனிக்கிழமை இப்படிச் செய்யுங்கள். கடனோடு சேர்த்த திட்டம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு, கண்ணாடிக்கு ஒட்டும் கருப்புத் தாள், தரை விரிப்பு என்று இலவசமாகத் தருவதாகச் சொன்னார்களே, அவற்றுக்குப் பதிலாக முதல் நான்கு சர்வீசைத் தர முடியுமா என்று கேளுங்கள். மாதக் கடைசி, ஆண்டுக் கடைசி என்றால் விற்பனை நிலையங்கள் இறங்கி வரும். ரொக்கத்துக்கு 3,000 வெள்ளிக்கு முழுத் திட்டத்தையும் தந்து, காலத்தை ஆறு மாதம் நீட்டி எழுத்தில் கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், நானும் எடுப்பேன். இரண்டும் இல்லையென்றால் காருக்கு மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். "இன்று மட்டும்தான் இந்த விலை" என்பார்கள். பிறகும் வாங்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், அதற்காக அவசரப்பட வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் தனியாக ஒரு வங்கிக் கணக்கு திறந்து, மாதம் 60 வெள்ளி தானாகப் போய்ச் சேரும்படி செய்யுங்கள். 60 மாதத்தில் அது 3,600 வெள்ளி, அந்தத் திட்டத்தின் விலையேதான். பத்தாவது சர்வீஸ் இரண்டு வாரம் தள்ளிப்போனாலும் அந்தப் பணம் காலாவதி ஆகாது, பேட்டரிக்கும் உதவும், டயருக்கும் உதவும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: 40,000 கிலோமீட்டர் சர்வீஸ் இரண்டாம் ஆண்டுக் கடைசியில் வரும், அதற்கு 720 வெள்ளி வேண்டும். 24 மாதத்தில் 1,440 சேரும், முதல் மூன்று சர்வீசுக்கு, கூலி இலவசம் போக, 690 போகும். அந்த ஒரு மாதம் 750 வெள்ளிதான் கையிருப்பு இருக்கும், எனவே அதற்கு முன் இந்தக் கணக்கில் கை வைக்காதீர்கள்.

கார் வந்ததும் தண்ணீர்மலைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டுவிட்டு, அன்றே சர்வீஸ் புத்தகத்தில் பதிவு நாளைக் குறித்து, அதிலிருந்து ஆறு மாதம் தள்ளி வரும் தேதியைக் கைப்பேசியில் பதிந்துவிடுங்கள். புதுக் காருக்குச் செய்யும் முதல் 1,000 கிலோமீட்டர் பரிசோதனை உங்கள் ஓட்டத்தில் மூன்றே வாரத்தில் வந்துவிடும். அதை விட்டுவிடாதீர்கள்.